கேட்டது வேறு, பேசியது வேறு: 1921–23 அட்லாண்டிக் சோதனைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஹாம் வானொலியின், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் அமெச்சூர்களின், வரலாறு பற்றிய கட்டுரைகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: 1921 டிசம்பரில் அமெச்சூர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொடர்பு கொண்டார்கள் என்று. அது சரியில்லை. 1921-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னலைக் கேட்டார், கேட்டதை எழுதி வைத்தார். வானில் அவர் பதில் சொல்லவில்லை; சொல்வதற்கு ஏற்பாடும் இல்லை. இரு கரைகளிலும் இருந்த அமெச்சூர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, பதில் வாங்கி, வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டது 1923 நவம்பர் இறுதியில்தான்.

இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். கேட்க முடிந்தவர்களுக்குப் பேச ஏன் இவ்வளவு நாள் பிடித்தது? கேட்டதும் பேசியதும் நிஜம்தான் என்று எப்படி நிறுவினார்கள்? அதில் லாக்கின், அதாவது நிலையப் பதிவேட்டின், பங்கு என்ன? இந்த மூன்றையும்தான் பார்க்கப் போகிறோம். ஹாம்களின் பேச்சில் "கேட்டேன்" என்பதும் "வொர்க் பண்ணினேன்" (இருவழியில் பேசினேன்) என்பதும் இன்றைக்கும் வேறு வேறு. முன்னதை லாக்கில் காண்டாக்ட் என்று ஏற்றினால் மறுமுனையில் இருப்பவர் "என் லாக்கில் நீங்கள் இல்லையே" என்றுதான் சொல்வார்.

யாருக்கும் வேண்டாத அலைகள்

டைட்டானிக் மூழ்கிய அதே 1912-இல் அமெரிக்காவில் வானொலிச் சட்டம் வந்தது. அமெச்சூர்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தில் அனுப்பக் கூடாது, ட்ரான்ஸ்மிட்டருக்குக் கொடுக்கும் மின்திறன் 1 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்றது சட்டம். கப்பல்கள் 600 மீட்டரில் பேசின. கடல் தாண்டும் வர்த்தக நிலையங்கள் பல ஆயிரம் மீட்டர் நீள அலைகளில் இயங்கின. அலை நீளமானால் தூரம் கூடும் என்பது அன்றைய பொறியாளர்களின் அனுபவ விதி. ஆகவே 200 மீட்டருக்குக் கீழே இடம் கொடுத்தது ஊருக்கு வெளியே தரிசு நிலத்துக்குப் பட்டா கொடுத்த மாதிரிதான்.

அந்த நிலத்தில் அமெச்சூர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் பயிர் செய்தார்கள். ஒருவர் அனுப்பிய செய்தியை இன்னொருவர் வாங்கி அடுத்தவருக்குத் தள்ளிவிடும் அஞ்சல் ஓட்டம் அது. 1914-இல் ஹைரம் பெர்சி மாக்சிம் தொடங்கிய அமெரிக்கன் ரேடியோ ரிலே லீகின் பெயரிலேயே அந்த 'ரிலே' இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து உரிமங்கள் திரும்பி வந்ததும், கண்டத்தைக் கடந்தாகிவிட்டது, கடலைக் கடக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

1921 பிப்ரவரி: எதுவும் தேறவில்லை

முதல் சோதனை எளிமையானது. குறித்த இரவுகளில் அமெரிக்க நிலையங்கள் அனுப்பும், பிரிட்டனில் அமெச்சூர்கள் கேட்பார்கள். பிரிட்டன் தரப்பை ஒருங்கிணைத்தவர் ஃபிலிப் கோர்ஸி. உறுதிசெய்யத்தக்க ஒரு வரவுகூடக் கிடைக்கவில்லை.

காரணங்களைத் தேடிப் போனால் கேட்கும் பக்கம்தான் முதலில் நிற்கிறது. பிரிட்டனில் போர்க்காலத் தடைக்குப் பிறகு அமெச்சூர்கள் அப்போதுதான் மீண்டு வந்துகொண்டிருந்தார்கள். 200 மீட்டரில் நுணுக்கமாகக் கேட்டுப் பழகியவர்கள் குறைவு. தன் வெளியீட்டையே திரும்ப ஊட்டிச் சிக்னலைப் பெருக்கும் அன்றைய ரிஜெனரேட்டிவ் ரிசீவர் கொஞ்சம் அதிகமாகத் திருகினால் தானே ஒரு குட்டி ட்ரான்ஸ்மிட்டராகி, பக்கத்துத் தெரு ரிசீவரில் விசிலடிக்கும். பெரிய வர்த்தக நிலையங்களின் ஹார்மானிக்குகளும் (அவற்றின் அலைவரிசையின் மடங்குகளில் கசியும் சிக்னல்கள்) அங்கங்கே தலைகாட்டும். இந்த இரைச்சலுக்கு நடுவே, நள்ளிரவு தாண்டி, தூக்கக் கலக்கத்தில், "அமெரிக்கா கேட்கும்" என்று ஆசையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் காதில் என்ன வேண்டுமானாலும் விழும்.

என் கணிப்பில் இந்தத் தோல்வியில் கவனிக்க வேண்டிய விஷயம், ஒருங்கிணைப்பாளர்கள் மசியவில்லை என்பது. "ஏதோ கேட்ட மாதிரி இருந்தது" என்பதை வெற்றிக் கணக்கில் சேர்த்திருந்தால் பத்திரிகைச் செய்தி கிடைத்திருக்கும், அடுத்த சோதனை நடந்திருக்காது.

சீல் வைத்த உறை

இரண்டாவது சோதனை 1921 டிசம்பரில். இந்த முறை இரண்டு விஷயங்களை மாற்றினார்கள்.

ஒன்று, அடையாளச் சொல். தேர்வுச் சுற்றில் தேறிய ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக ஓர் எழுத்துக் கோவை சீல் வைத்த உறையில் போனது. கேட்கிறவருக்கு அது தெரியாது. நிலையத்தின் உரிமப் பெயரான கால்சைனோடு அந்தக் கோவையையும் சரியாக எழுதினால்தான் கேட்டதாகக் கணக்கு. கால்சைனை மட்டும் ஊகித்துவிடலாம், பட்டியலைப் பார்த்து எழுதிவிடலாம், அல்லது உண்மையிலேயே கேட்டதாக நம்பியும்விடலாம். ரகசியக் கோவையை அப்படி நம்ப முடியாது.

நம்மூர் சிற்றலை நேயர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். வெளிநாட்டு நிலையத்துக்கு ரிசப்ஷன் ரிப்போர்ட் எழுதும்போது அலைவரிசையும் நேரமும் மட்டும் எழுதினால், கேட்டதை உறுதிசெய்யும் க்யூஎஸ்எல் அட்டை வராது. எந்த நிமிடத்தில் என்ன நிகழ்ச்சி, யார் பேசினார், எந்தப் பாட்டுக்குப் பிறகு செய்தி வந்தது என்று எழுத வேண்டும். அலைவரிசை அட்டவணையைப் பார்த்து எழுத முடியாத ஒன்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 1921-இன் உறை செய்த வேலையும் அதுவே.

இரண்டாவது மாற்றம், ஆளையே அனுப்பினார்கள். நியூஜெர்சிக்காரரான பால் காட்லி, குறுகிய அலை ரிசீவர்கள் வடிவமைப்பதில் அமெரிக்க அமெச்சூர்கள் நடுவே பேர்போனவர். லீகின் சார்பில் அக்விட்டேனியா கப்பலில் ஏறி நவம்பரில் இங்கிலாந்து போனார். லண்டனில் இரைச்சல் தாங்கவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளாஸ்கோவுக்குத் தென்மேற்கே, ஆர்ட்ராஸன் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது கடலோர வயல், ஒரு கூடாரம், டிசம்பர் மாதத்து மழையும் காற்றும். கூடாரத்துக்குள் பத்து வால்வு சூப்பர்ஹெட்டரடைன் ரிசீவர், வரும் சிக்னலை வேறோர் அலைவரிசைக்கு மாற்றிப் பெருக்கும் வகை. வெளியே பெவரேஜ் ஆன்டெனா: உயரக் கம்பத்தில் ஏற்றுவதற்குப் பதில், தரையிலிருந்து 12 அடி உயரத்தில் சுமார் 1,300 அடி நீளத்துக்கு, அமெரிக்காவின் திசையில் ஓடும் ஒரே கம்பி. ஹெரால்டு பெவரேஜ் கண்டுபிடித்த இந்த ஆன்டெனா அப்போது புத்தம் புதிது. சிக்னலைப் பெரிதாக்குவதில் அது ஒன்றும் கெட்டிக்காரத்தனம் காட்டாது. வேண்டாத திசையிலிருந்து வரும் இரைச்சலைத் தள்ளிவிடுவதுதான் அதன் திறமை. குறைந்த அலைவரிசையில் கேட்பதற்குப் பலர் இன்றும் தென்னந்தோப்போ வயலோ கிடைத்தால் முதலில் ஆசைப்படுவது இந்தக் கம்பிக்குத்தான்.

கூடாரத்தில் இன்னொருவரும் இருந்தார். மார்க்கோனியின் கப்பல் வானொலிக் கம்பெனியைச் சேர்ந்த பியர்சன். அவர் உதவியாள் மட்டுமில்லை, சாட்சியும்கூட. தனக்கு வேண்டியவர்களின் சிக்னலைத் தானே கேட்டதாகக் காட்லி சொன்னால் யாராவது முணுமுணுக்கலாம். லீகுக்குச் சம்பந்தமில்லாத, தொழில்முறை மோர்ஸ் காது ஒன்று பக்கத்தில் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பன்னிரண்டு சொற்கள்

டிசம்பர் 7-இல் தொடங்கிய சோதனையில் காட்லியின் லாக்கில் இரண்டு டஜனுக்கு மேல் அமெரிக்க நிலையங்கள் சேர்ந்தன. பெரும்பாலானவை வால்வு ட்ரான்ஸ்மிட்டர்கள், மின்பொறியால் அலையை உண்டாக்கும் ஸ்பார்க் நிலையங்கள் கொஞ்சம்தான். ஸ்பார்க், கொடுத்த சக்தியை அகலமாக வாரி இறைக்கும். வால்வு அதே சக்தியை ஒரு மெல்லிய கோட்டில் நிறுத்தும். கேட்பவர் காதுக்கு அதுதான் வித்தியாசம். பிரிட்டன் அமெச்சூர்கள் சிலரும் தங்கள் வீட்டிலிருந்தே கேட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் பலமாக வந்தது 1பிசிஜி. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச் ஊரில், ரேடியோ கிளப் ஆஃப் அமெரிக்காவைச் சேர்ந்த ஆறு பேர் இந்தச் சோதனைக்காகவே கட்டிய நிலையம். (இந்த கிரீன்விச் வேறு, நேரத்துக்குப் பேர் கொடுத்த கிரீன்விச் வேறு.) ஆறு பேரில் ஒருவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். காட்லி கூடாரத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்ஹெட்டரடைன் முறையை 1918-இல் கண்டுபிடித்தவர் அவரேதான். ஆக, கடலின் ஒரு கரையில் அவர், மறுகரையில் அவருடைய சர்க்யூட்.

1பிசிஜி அடையாளக் கோவையோடு நிற்கவில்லை. முழுச் செய்தியே அனுப்பியது. முதலில் எண் 1, அனுப்புவது 1பிசிஜி, சொற்கள் 12, நியூயார்க், 1921 டிசம்பர் 11 என்று தலைப்பு. அப்புறம்: "பால் காட்லி, ஆர்ட்ராஸன், ஸ்காட்லாந்து. மனமார்ந்த வாழ்த்துகள். பர்கார்ட், இன்மன், க்ரினன், ஆர்ம்ஸ்ட்ராங், ஏமி, க்ரான்கைட்."

அந்த 12 என்ற எண்ணைக் கவனியுங்கள். முகவரியில் நான்கு சொல், செய்தியில் இரண்டு, கையெழுத்தில் ஆறு பெயர், கூட்டினால் 12. தந்தி அலுவலக வழக்கப்படி, எத்தனை சொல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எழுதி முடித்தவர் எண்ணிப் பார்த்து, குறைந்தால் ஏதோ தவறிவிட்டது என்று தெரிந்துகொள்வார். காட்லியின் எண்ணிக்கை தேறியது. அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் முழு அமெச்சூர் செய்தி அது. 230 மீட்டர் அலையில், 1 கிலோவாட்டுக்கு உட்பட்ட சக்தியில் வந்தது.

இதை எந்தக் கறாரான நடுவரும் ஏற்பார். ஆனால் எதை ஏற்பார்? ஒருவழி வரவை. கிரீன்விச்சில் இருந்த ஆறு பேருக்கும் தங்கள் செய்தி போய்ச் சேர்ந்தது அந்த நொடியில் தெரியாது. அவர்களுடைய லாக்கில் அன்றிரவு எழுத முடிந்தது "அனுப்பினோம்" என்பது மட்டும்தான்.

1922: இரு பக்கமும் கேட்டன, பேசவில்லை

அடுத்த டிசம்பரில் 315 அமெரிக்க நிலையங்களின் சிக்னல் ஐரோப்பாவில் கேட்டது. எதிர்த்திசையிலும் கதவு திறந்தது. பிரான்ஸின் 8ஏபி, பிரிட்டனின் 5டபிள்யூஎஸ், 2எஃப்இசட் ஆகிய மூன்றின் சிக்னலும் அமெரிக்காவில் கேட்டது. அப்படியிருந்தும் ஒரு காண்டாக்ட்கூட இல்லை.

இதற்குச் சக்தி போதவில்லை, ரிசீவர் போதவில்லை என்று எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். ஓரளவு உண்மை. ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முதல் பகுதி இரவுகளில் அமெரிக்கர்கள் அனுப்ப ஐரோப்பியர்கள் கேட்பது, அடுத்த பகுதியில் மாற்றிப் போடுவது என்று திட்டமிட்டிருந்தார்கள். நீங்கள் கூப்பிடும் நேரத்தில் மறுமுனையில் ட்ரான்ஸ்மிட்டர் அணைந்திருந்தால் பதில் எங்கிருந்து வரும்? சோதனையின் வடிவமே ஒருவழிக்கானது. கேட்டதை நிரூபிப்பதற்கு அந்த ஒழுங்கு அவசியமாக இருந்தது. உரையாடலுக்கு அதுவே தடையானது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் 200 மீட்டரை ஒட்டிய குறுகிய இடத்தில் முட்டிமோதியது தனிச் சங்கடம்.

நைஸ் நகரத்துக்காரர்

8ஏபி என்ற கால்சைனுக்கு உரியவர் லியோன் தெலுவா. தெற்குப் பிரான்ஸின் நைஸ் நகரத்தில் இருந்தவர். அமெரிக்கா வரை சிக்னல் எட்டிய மூவரில் தானும் ஒருவர் என்ற பிறகு இரு வழித் தொடர்பை முதலில் நானே செய்வேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். 1923 கோடையில் நேராக அமெரிக்கா போனார். சிகாகோவில் நடந்த லீக் மாநாட்டில் கலந்துகொண்டார், அமெரிக்க அமெச்சூர்களின் முறைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தார், லீகின் செய்திப் போக்குவரத்து மேலாளர் ஃப்ரெட் ஷ்னெல்லோடு பேசி வைத்தார். ஊர் திரும்பியதும் 200 மீட்டரை விட்டு 100 மீட்டருக்கு இறங்கினார்.

யாரோடு, எப்போது, எந்த அலைநீளத்தில் என்று முன்கூட்டியே பேசி வைப்பதை ஹாம்கள் ஸ்கெட் என்பார்கள். கடினமான காண்டாக்டுக்கு இன்றும் இதுதான் வழி. நவம்பர் 25 முதல் 100 மீட்டரில் அனுப்புவேன் என்று தெலுவா லீகுக்குத் தந்தி அடித்தார். கனெக்டிகட்டின் மேற்கு ஹார்ட்ஃபோர்டில் ஷ்னெல், கால்சைன் 1எம்ஓ, தயாராக இருந்தார். தெலுவாவின் சிக்னல் தெளிவாகவே வந்தது. பதில் சொல்ல அனுமதி வேண்டும். 100 மீட்டர் பக்கம் அனுப்புவதற்கு அரசிடம் விசேஷ அனுமதி வாங்கினார். அதே மாநிலத்தில் ஜான் ரைனார்ட்ஸும், கால்சைன் 1எக்ஸ்ஏஎம், இதற்காகவே ஒரு ட்ரான்ஸ்மிட்டரோடு காத்திருந்தார். அவருடைய கால்சைனில் உள்ள எக்ஸ், பரிசோதனை உரிமம் என்பதன் அடையாளம்.

நவம்பர் 27 இரவு, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் ஒன்பதரை மணிக்குத் தெலுவா கூப்பிடத் தொடங்கினார். ஒரு மணி நேரம் கூப்பிட்டார், செய்திகள் அனுப்பினார். பத்தரை மணிக்கு முடித்துவிட்டு, கிடைத்ததா என்று கேட்டார். 1எம்ஓவும் 1எக்ஸ்ஏஎம்மும் சுமார் 110 மீட்டரில் நீளமாகக் கூப்பிட்டார்கள். தெலுவா திரும்பி வந்தார். ரைனார்ட்ஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஷ்னெல்லுக்கு அனுப்பிய பதிலைத் தமிழில் விரித்து எழுதினால் இப்படி வரும்: "கிடைத்தது, கிடைத்தது. உங்கள் சிக்னல் மிகப் பலம், க்ரீப் கம்பெனி ரிசீவரில் ஹெட்போனை ஓர் அடி தள்ளி வைத்தாலும் கேட்கிறது. அருமை நண்பரே, மனமார்ந்த வாழ்த்துகள், இது நல்ல நாள்! என் 12-ஆம் எண் செய்தி கிடைத்ததா, ஒப்புகை தாருங்கள்."

ஒரு வரி மோர்ஸ்தான். ஆனால் ஒரு முழுக் காண்டாக்டுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. முதலில் வருவது ஆர், ஆர் என்ற இரண்டு எழுத்து. நீங்கள் அனுப்பியது என் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அடுத்து சிக்னல் ரிப்போர்ட். அதையும் சும்மா "பலம்" என்று விடாமல் ஓர் அடி தூரம் என்று அளந்து சொல்கிறார். ஷ்னெல்லால் ஊகிக்க முடியாத, தெலுவாவுக்கு மட்டுமே தெரிந்த தகவல். கடைசியில் தன் செய்திக்கு எண் குறிப்பிட்டு ஒப்புகை கேட்கிறார். வாழ்த்தும் "நல்ல நாள்" என்ற குதூகலமும் நடுவில். சரித்திரம் நடந்துகொண்டிருக்கும்போதும் மனுஷர் ஒப்புகையை மறக்கவில்லை பாருங்கள், அங்கேதான் அவர் தேர்ந்த ஆபரேட்டர். அதே இரவில் ரைனார்ட்ஸும் அவரோடு பேசிவிட்டார்.

ஏன் 100 மீட்டர்?

பகல் நேரத்தில் அயனி மண்டலத்தின் அடித்தட்டு, கீழிருந்து போகும் குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். அலைவரிசை கூடக்கூட இந்த விழுங்கல் வேகமாகக் குறைகிறது. ஏறக்குறைய அலைவரிசையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 200 மீட்டர் என்பது 1.5 மெகாஹெர்ட்ஸ், 100 மீட்டர் என்பது 3 மெகாஹெர்ட்ஸ். அலைநீளத்தைப் பாதியாக்கினால் இழப்பு கால்வாசியை ஒட்டி வந்துவிடுகிறது. இரவில் அந்த அடித்தட்டே ஏறக்குறைய மறைந்துபோக, மேல்தட்டு அலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பும். பத்தரை மணி கனெக்டிகட், கிரீன்விச் நேரப்படி 3:30. நைஸில் விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. 6,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை முழுவதும் இருட்டு. வட பகுதியில் குளிர்காலம் என்பதால் இடி மின்னலின் கரகரப்பும் குறைவு. போதாக்குறைக்கு 1923 சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்திருந்த ஆண்டு.

இதில் எதையும் அவர்கள் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. உயரத்தில் மின் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கலாம் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902-இலேயே சொல்லியிருந்தார்கள். ஆப்பிள்டன் அதை அளந்து காட்டியது 1924-இல்தான். அமெச்சூர்கள் முதலில் போய்ச் சேர்ந்தார்கள், விளக்கம் பின்னால் வந்தது.

இன்றைய லாக்கில் ஏற்றினால்

இந்தக் காண்டாக்டை இன்றைய லாக்கில் ஏற்றிப் பார்க்கலாம். கால்சைன், அலைவரிசை, முறை, கொடுத்த ரிப்போர்ட், வாங்கிய ரிப்போர்ட் எல்லாம் சுலபம். சிக்கல் தேதியில் வருகிறது. சில நூல்களில் நவம்பர் 27, சிலவற்றில் நவம்பர் 28 என்றிருக்கும். இரண்டும் தப்பில்லை. ஷ்னெல்லின் சுவர்க் கடிகாரத்துக்கு 27 இரவு, தெலுவாவின் கடிகாரத்துக்கு 28 அதிகாலை. 1பிசிஜி செய்தியிலும் இதே கதை: தலைப்பில் டிசம்பர் 11, ஆர்ட்ராஸனில் வந்து இறங்கியது 12 அதிகாலை. இரண்டு லாக்குகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற நடுவருக்கு இது வெறும் தலைவலி. உலகம் முழுக்க ஹாம்கள் ஒரே நேரத்தில், அதாவது உலகப் பொது நேரமான யூடிசியில், லாக் எழுதுவதன் காரணம் இதுதான்.

நம் நாட்டில் புதிதாக உரிமம் வாங்கியவர்கள் சறுக்கும் இடமும் இதுவே. இந்திய நேரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் நடுவே தேதியும் ஒரு நாள் பின்னால் போகும் என்பதுதான் மறந்துபோகும். நவம்பர் 28 அதிகாலை 3 மணிக்கு ஒரு பிரேசில்காரரைப் பிடித்தால் லாக்கில் நவம்பர் 27, 21:30. லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு போன்ற மின் தளத்தில் இரு தரப்பு நேரமும் அரை மணிக்குள் பொருந்த வேண்டும். தேதி மாறினால் கம்ப்யூட்டர் ஈவு இரக்கம் காட்டாது. மறுமுனைக்காரர் ஒழுங்காக ஏற்றியிருந்தும் உறுதிப்பாடு வராது.

ரிப்போர்ட் விஷயத்தில் நாம் தெலுவாவைவிடப் பின்தங்கிவிட்டோம் என்பது என் அபிப்பிராயம். 1934-இல் வந்த ஆர்எஸ்டி முறை, தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை எண் கொடுத்து அழகாக அளக்கச் சொன்னது. இன்றைக்குப் போட்டிகளில் எல்லோருக்கும் "ஃபைவ் நைன்" தான். காது கிழிய இரைந்தும் பாதி கேட்காத சிக்னலுக்கும் ஃபைவ் நைன், "திரும்பச் சொல்லுங்கள்" என்று நாலு தடவை கேட்டுவிட்டும் ஃபைவ் நைன். எல்லோருக்கும் ஒரே எண் என்றால் அதை வாங்கியதால் எதுவும் நிரூபணமாகாது. அதனால்தான் போட்டி விதிகள், இது உங்கள் எத்தனையாவது காண்டாக்ட் என்ற வரிசை எண்ணோ, உலகத்தைப் பிரித்துக் கொடுத்த மண்டல எண்ணோ சேர்த்துக் கேட்கின்றன. தமிழ்நாடு 22-ஆம் மண்டலம் என்பது அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். வரிசை எண் அப்படித் தெரியாது. 1921-இன் சீல் வைத்த உறை இன்று வரிசை எண்ணாக வேலை செய்கிறது.

எஃப்டி8 என்ற கம்ப்யூட்டர் வழி முறை விஷயத்தில் ஒரு வாதம் அடிக்கடி நடக்கும்: கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை எண்களை மாற்றிக்கொள்வதெல்லாம் ஒரு காண்டாக்டா? 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் கொண்டுவந்த அந்த முறையில் வாழ்த்துக்கும் வானிலைக்கும் இடமில்லை என்பது வாஸ்தவம். ஆனால் இரு கால்சைனும் இரு பக்கமும் போகின்றன, அளந்த ரிப்போர்ட் போகிறது, கடைசியில் ஆர்ஆர்73 என்று ஒப்புகை வருகிறது. அதிலுள்ள ஆர், தெலுவா அடித்த அதே ஆர்தான். அந்த ஒப்புகை வருவதற்குள் சிக்னல் அமுங்கிவிட்டால் லாக்கில் ஏற்றலாமா என்று கேட்டால், என் பதில்: கூடாது. அவர் உங்களைக் கேட்டது உங்களுக்குத் தெரியும், நீங்கள் அவரைக் கேட்டது அவருக்குத் தெரியாது. 1பிசிஜி ஆட்கள் இருந்த அதே நிலையில் இப்போது அவர் இருக்கிறார்.

யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று ஹாம்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎக்ஸ் கிளஸ்டர் வேறு ஒரு பழைய நோயைப் புதுப்பித்துவிட்டது. திரையில் இன்ன அலைவரிசையில் இன்னார் என்று வந்துவிடுகிறது. இரைச்சலுக்குள் மோர்ஸ் மாதிரி ஏதோ தட்டுப்பட்டால் காது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கால்சைனை அவர் வாயால் கேட்காமல், திரையைப் பார்த்து லாக்கில் எழுதியவர்கள் நிறைய. ஒரே நிலையத்தைப் பலர் ஒருசேரக் கூப்பிடும் பெரிய பைல்-அப்பில் அவர் கூப்பிட்டது உங்களையா, உங்களைப் போன்ற கால்சைன் உள்ள இன்னொருவரையா என்பதே சில நேரம் நிச்சயமில்லை. காட்லியின் பக்கத்தில் பியர்சனை உட்கார வைத்தவர்கள் இதைப் புரிந்துதான் வைத்தார்கள்.

யார் அந்த 2கேஎஃப்?

நவம்பர் இரவுக்குப் பிறகு வரிசையாகக் கதவுகள் திறந்தன. டிசம்பர் 8-இல் லண்டன் பகுதியைச் சேர்ந்த பார்ட்ரிஜ், கால்சைன் 2கேஎஃப், அதே ஷ்னெல்லோடு பேசினார். உடனே எதிர்பாராத ஒரு லாக் பிரச்சினை முளைத்தது. அன்றைய கால்சைன்களில் நாட்டுக்கான எழுத்து கிடையாது. ஓர் எண், பின்னால் இரண்டு மூன்று எழுத்து, அவ்வளவுதான். கடல் தாண்டாத வரை யாருக்கும் அது உறைக்கவில்லை. இப்போது 2-இல் தொடங்கும் கால்சைன் லாக்கில் இருந்தால் அது லண்டனா நியூயார்க்கா? அட்டை எந்த ஊருக்கு அனுப்புவது?

அமெச்சூர்கள் தாங்களாகவே ஓர் ஒட்டுப் போட்டார்கள். இரண்டு கால்சைன்களுக்கும் நடுவே வழக்கமாக வரும் "அனுப்புவது" என்ற குறிக்குப் பதிலாக நாட்டின் எழுத்தை அடித்தார்கள்: பிரான்ஸுக்கு எஃப், பிரிட்டனுக்கு ஜி, நியூசிலாந்துக்கு இசட், அமெரிக்காவுக்கு யு. 1924 அக்டோபர் 18-இல் நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கிலிருந்து ஃப்ராங்க் பெல் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர், லண்டன் மில் ஹில் பள்ளியில் செசில் கோய்டர் இயக்கிய நிலையத்தோடு, பூமியின் ஏறக்குறைய எதிர்ப்புறத்தோடு, இருவழியில் பேசினார். அதை வரலாற்று நூல்கள் இசட்4ஏஏ, ஜி2எஸ்இசட் என்றுதான் பதிவு செய்கின்றன. அந்த இசட்டும் ஜியும் இப்படி அமெச்சூர்கள் ஒட்டிய எழுத்துகள். அரசு கொடுத்தவை 4ஏஏ, 2எஸ்இசட் மட்டுமே.

1927 வாஷிங்டன் மாநாட்டுக்குப் பிறகுதான் நாட்டு முன்னெழுத்துகள் அமெச்சூர் கால்சைன்களுக்கும் முறைப்படி வந்தன. அமெரிக்காவுக்கு டபிள்யூ, கே, பிரிட்டனுக்கு ஜி, இந்தியாவுக்கு வியு. அதன் பிறகு லாக்கில் கால்சைனைச் சரியாக எழுதினாலே போதும், எந்த நாடு என்று தனியாகக் கட்டம் போட்டு நிரப்ப வேண்டியதில்லை.